‘சி.எம்.டி.ஏ. அப்ரூவ்டு’ மனை என்றால் தண்ணீர் வராதா?

கேள்வி: வண்டலூர் பக்கம் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி பெற்ற மனை ஒன்று பார்த்திருக்கிறேன். அரசு அனுமதி இருப்பதால் வெள்ளம், ஆக்கிரமிப்பு என்று பின்னால் எந்தச் சிக்கலும் வராது என்று நம்பலாமா?

என் வீட்டுக்கும் அனுமதி இருந்தது. 2015 டிசம்பர் 2 காலையில் அந்த அனுமதிக் காகிதம் பீரோவின் கீழ்த்தட்டில் ஊறிக் கிடந்தது. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

என் வீடு இருப்பது தாம்பரத்துக்கு மேற்கே ஒரு ஊராட்சியில். ஊர்ப் பெயரும் அலுவலகங்களின் பெயரும் வேண்டாம், விடுங்கள். வாங்கும்போது வக்கீல் கேட்ட அத்தனையும் இருந்தது. தாய்ப் பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, லேஅவுட் அனுமதி எண் எதிலும் குறை இல்லை. “கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம் சார்” என்றார். அப்படித்தான் வாங்கினேன்.

அன்றைக்குத் தண்ணீர் தெருப்பக்கமாக வரவில்லை. பின்பக்கச் சுற்றுச்சுவரைச் சாய்த்துக்கொண்டு வந்தது. ஊரே செம்பரம்பாக்கம் ஏரியில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டது, அடையாறு பெருகியது என்று பேசிக்கொண்டிருந்தது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் அடுத்த தெருவில் ஒரே நாளில் வடிந்த தண்ணீர் எங்கள் தெருவில் மட்டும் மூன்று நாள் ஏன் நின்றது?

பதில் சொன்னவர், அந்த இடத்தில் ஒரு காலத்தில் நெல் போட்ட பெரியவர். “ஏரி ரொம்புனா கலங்கல் தண்ணி இப்படித்தான் தம்பி போவும். அதுக்குக் குறுக்க ரோடு போட்டா அது எங்க போவும்? உங்க வூட்டுக்குள்ளதான் வரும்” என்றார். புல வரைபடம் (எஃப்.எம்.பி. என்பார்களே, அது) வாங்கிப் பார்த்தேன். எங்கள் லேஅவுட்டுக்குப் பின்னால் இரட்டைக் கோடு ஓடுகிறது. வாய்க்கால். அகலம் நாலு மீட்டர் சொச்சம். நேரில் போய்ப் பார்த்தால், பக்கத்து லேஅவுட்டுக்காரர் உள்ளே போவதற்குப் போட்ட சாலை அதன் மேல் கிடக்கிறது. சாலைக்கு அடியில் ஒரே ஒரு சிமென்ட் குழாய். உள்ளே குனிந்து கையை விட்டால் விரல் இரண்டு பக்கமும் தட்டும். நாலு மீட்டர் வாய்க்காலில் வருகிற தண்ணீர் அதற்குள் நுழைந்து போக வேண்டுமாம்.

மனுவை எடுத்துக்கொண்டு நான்கு அலுவலகம் ஏறி இறங்கினேன். முதல் இடத்தில், “நாங்க மனை எல்லைக்குள்ளதான் சார் பாப்போம், வெளியில இருக்கிறது எங்களுது இல்ல” என்றார்கள். இரண்டாவதில், வாய்க்கால் இன்னும் புறம்போக்காகத்தான் பதிவில் இருக்கிறது, யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை, எனவே எங்கள் பக்கம் தவறு இல்லை என்றார்கள். மூன்றாவதில், ஏரியும் மதகும் எங்களுடையது, கீழே ஓடுகிற சின்ன வாய்க்கால் உள்ளாட்சியுடையது என்றார்கள். உள்ளாட்சிக்குப் போனால் அங்கே தலைவரே இல்லை! 2016 அக்டோபரோடு பதவிக்காலம் முடிந்துவிட்டது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். நடுவில் ஐந்து வருடம் தனி அலுவலர் ஆட்சி. அவருக்கு எங்கள் ஊரைப் போல இன்னும் எத்தனையோ ஊர்.

எனக்கு அப்போது உறைத்தது இதுதான். அவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் காகிதம் அவரவர் எல்லைக்குள் சரியாகத்தான் இருந்தது. தண்ணீர்தான் அந்த எல்லைக்குள் அடங்கவில்லை.

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், உங்களுக்குத் தேவைப்படும். 1971ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ்தான் சி.எம்.டி.ஏ. வருகிறது. லேஅவுட் அனுமதி அவர்கள் கொடுப்பது. தாழ்வான இடம், நீர்நிலைக்குப் பக்கம் என்றால் நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். அந்தச் சான்றில் பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும்: மனையை இத்தனை மீட்டர் மண் கொட்டி உயர்த்த வேண்டும். உயர்த்தினால் அந்த மனைக்குள் தண்ணீர் வராது, சரி. அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். பக்கத்து வீட்டுக்காரர் பிறகு தன் மனையை உயர்த்துவார். எங்கள் பகுதியில் வீடுகளை வரிசையாகப் பார்த்தால் எது எந்த வருடம் கட்டியது என்று தரைமட்டத்தை வைத்தே சொல்லிவிடலாம். பழைய வீடுகளுக்கு வாசலில் இறங்கித்தான் போக வேண்டும்.

சுற்றுச்சூழல் அனுமதி? அது 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிற பெரிய கட்டடங்களுக்கு. நம்மைப் போல மனை மனையாக வாங்கி வீடு கட்டுகிறவர்கள் அந்தக் கணக்கிலேயே வர மாட்டோம். ஆயிரம் வீடு தனித்தனியாக வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரே ஆள் ஆயிரம் வீடு கட்டினால் கேட்பார்கள்.

இன்னொன்று. ‘ஏரியில் வீடு கட்டிவிட்டார்கள்’ என்று தொலைக்காட்சியில் சொல்வது பாதிதான் சரி. ஏரிக்குள் கட்டியவர்கள் உண்டு. 2007இல் ஏரிப் பாதுகாப்புக்கும் ஆக்கிரமிப்பு அகற்றலுக்கும் தனிச் சட்டமே வந்தது. ஆனால் மூழ்குகிற வீடுகளில் நிறைய, ஏரிக்குக் கீழே இருந்த ஆயக்கட்டு (ஏரிப் பாசனம் பெறும் நிலம்) நஞ்சையில் கட்டியவை. அது சுத்தமான பட்டா நிலம். அதை விற்பதும் நிலப் பயன்பாட்டை மாற்றி வீட்டுமனை ஆக்குவதும் சட்டப்படிதான் நடக்கிறது. நெல்லுக்குத் தண்ணீர் தானாக வந்து பாய வேண்டும் என்றே அமைந்த பள்ளம் அது. தண்ணீருக்கு நிலப் பயன்பாட்டு மாற்ற உத்தரவின் நகல் போய்ச் சேரவில்லை.

போக்குவரத்திலும் இதே கதைதான், உங்கள் வண்டலூருக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். கட்டியது சி.எம்.டி.ஏ., ஓடுகிற பேருந்துகள் போக்குவரத்துக் கழகங்களுடையவை, ரயில் தென்னக ரயில்வேயுடையது, மெட்ரோ இன்னொரு நிறுவனம். விளைவு, பேருந்து நிலையம் முதலில் வந்தது, தண்டவாளம் பக்கத்திலேயே ஓடியும் திறந்தபோது அங்கே ரயில் நிற்க நிலையம் இல்லை. இவர்களையெல்லாம் ஒரே மேஜைக்குக் கொண்டுவரத்தான் ‘கும்டா’ என்ற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம். அதற்குச் சட்டம் 2010இல் வந்தது, அமலுக்கு வரவே ஒன்பது வருடம் ஆனது. 2025இல் பஸ், ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் வந்ததை நான் நிஜமாகவே ஒரு சாதனை என்றுதான் சொல்வேன்.

மேற்பார்வை பார்க்க வேண்டியவரே கட்டுகிறவராகவும் இருப்பது என் பெரிய மனக்குறை. கோயம்பேடு பேருந்து நிலையமும் சி.எம்.டி.ஏ. கட்டியது, கிளாம்பாக்கமும் அதுவே. பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் எழுந்தது, கொட்டியது மாநகராட்சி. அந்தச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தபோது பழைய பரப்பில் மிகச் சிறிய பங்குதான் மிச்சம். அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் நகரத் திட்டமிடலை உள்ளாட்சியின் வேலைகளில் முதலாவதாகப் போட்டிருக்கிறது. சென்னை மாநகராட்சியிலோ 1973 முதல் 1996 வரையும், 2016 முதல் 2022 வரையும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. யாரிடம் போய்க் கேட்பது?

சரி, உங்கள் மனைக்கு வருகிறேன். முதலில், ‘அப்ரூவ்டு’ வேறு, ‘ரெகுலரைஸ்டு’ வேறு. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. அதன்பின் வந்த 2017 விதிகளில், 2016 அக்டோபர் 20க்குள் விற்ற மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தினார்கள். அதுதான் ‘ரெகுலரைஸ்டு’. விளம்பரத்தில் இரண்டையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். காகிதத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பிறகு, உங்கள் சர்வே எண்ணை மட்டும் பார்க்காமல் சுற்றியுள்ள நாலு எண்களுக்கும் ‘அ’ பதிவேடு (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) எடுங்கள். இணையத்திலேயே கிடைக்கிறது. வாய்க்கால், ஓடை, ஏரி என்று எங்காவது வந்தால் புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டில் நடந்து பாருங்கள். சாலை வரும் இடத்தில் அடியில் குழாய் எவ்வளவு பெரியது என்று குனிந்து பாருங்கள். உங்கள் நிலம் பழைய பதிவில் நஞ்சையா புஞ்சையா என்று கேளுங்கள். அங்கே டீக்கடையில் வயதானவர் யாராவது இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, 2015இல் எதுவரை ஏறியது என்று கேட்டால் கையாலேயே காட்டுவார். அந்த ஒரு டீ அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் குழாய் இன்னும் அதே குழாய்தான். ஊராட்சியில் தலைவர் வந்த பிறகு வருடா வருடம் பொக்லைன் வந்து அதன் வாயைத் தூர் வாரிவிட்டுப் போகிறது.

முடிந்தால் ஐப்பசி கடைசியிலோ கார்த்திகையிலோ, மூன்று நாள் விடாமல் பெய்த மறுநாள் காலையில் மனையைப் போய்ப் பாருங்கள். சொந்த வண்டியில் போங்கள். அந்த மாதத்தில் அவர்கள் சைட் விசிட்டுக்குக் கார் அனுப்ப மாட்டார்கள்.