டிராக்டரை யாரிடம் வாங்குவது?

கேள்வி: சிங்கப்பூர் லிம் சூ காங்கில் 2 ஹெக்டர் கீரைப் பண்ணையைக் கவனித்துக்கொள்கிறேன். சாய் சிம், கங்கோங், தண்டுக்கீரை போடுகிறோம். பின்னால் நடந்தபடி ஓட்டி உழும் பவர் டில்லர் இரண்டும் ஓய்ந்துவிட்டன. 25 குதிரைத்திறனில் டிராக்டர் வாங்க முதலாளி சரி சொல்லிவிட்டார். பெயர்பெற்ற ஜப்பானிய நிறுவனத்தின் புது வண்டி ஏஜெண்டிடம் இருக்கிறது, விலைதான் அதிகம். அதே நிறுவனத்தின் பழைய வண்டியை மலேசியாவின் ஜோகூரில் உள்ள வியாபாரி ஒருவர் பாதி விலைக்குத் தருகிறார். எட்டு வருடமாக எங்கள் டில்லர்களைப் பழுது பார்க்கும் கடைக்காரரோ, அதிகம் கேள்விப்படாத பிராண்டை விற்கிறார். எதை எடுப்பது?

பதில்: தம்பி, விலைப் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு ஒரு கணக்குப் போடுங்கள். சாய் சிம் ஏறக்குறைய 30 நாள் பயிர். பாதை, கொட்டகை, வடிகால் போக ஒரு ஹெக்டர் பாத்தி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினமும் முந்நூறு சதுர மீட்டருக்கு மேல் உழுது பாத்தி கட்டியாக வேண்டும். வண்டி பத்து நாள் படுத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு நிலம் விதைக்காமல் கிடக்கும். ஊரில் நெல்லுக்கு ஓட்டும் வண்டியை நடவு முடிந்ததும் பட்டறையில் விட்டுவிடலாம். உங்களுக்கு அந்த இடைவெளியே கிடையாது.

நான் முன்பு வேலை பார்த்த பண்ணையில் ரோட்டவேட்டரின், அதாவது டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் சுழல் கத்திக் கருவியின், எண்ணெய் சீல் ஒன்று போய்விட்டது. கட்டைவிரல் அகல ரப்பர் வளையம், பத்து வெள்ளி (டாலர்)கூட இருக்காது. விற்றவரிடம் அது இல்லை, வரவழைக்கப் பதினொரு நாள் ஆனது. அதுவரை மண்வெட்டிதான்.

அதனால் என் மனம் உங்கள் கடைக்காரர் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் எட்டு வருடப் பழக்கம் என்கிறீர்களே, அது யாரோடு? கல்லாவில் இருப்பவரோடா, கையில் ஸ்பேனர் பிடிப்பவரோடா? மெக்கானிக் ஒர்க் பெர்மிட்டில் வந்தவர் என்றால் ஒருநாள் ஊருக்குப் போய்விடுவார். அவருக்குப் பிறகு யார் என்று கேளுங்கள். டில்லர் பழுது பார்த்த கை, டிராக்டரின் ஹைட்ராலிக்கையும் பிரிக்கும் என்று சொல்ல முடியாது. அதையும் கேளுங்கள்.

அப்புறம் ஒருநாள் சொல்லாமல் கடைக்குப் போய், அந்த மாடலுக்கு டீசல் ஃபில்டர், ஃபேன் பெல்ட், கிளட்ச் தட்டு, ரோட்டவேட்டர் கத்தி எல்லாம் வேண்டும் என்று கேளுங்கள். அலமாரியிலிருந்து எடுத்து வைக்கிறாரா, “சொல்லி வரவழைத்துத் தருகிறேன்” என்கிறாரா? கத்தியும் ஃபில்டரும்கூட இல்லை என்றால், எத்தனை வருடப் பழக்கமாக இருந்தாலும் ஏஜெண்டிடம் போங்கள். அங்கேயும் இதே கேள்விகள்தான்.

பிராண்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயர்பெற்ற வண்டி என்றால் விற்றவர் கைவிட்டாலும் பாகம் வேறெங்காவது கிடைக்கும், திரும்ப விற்கவும் முடியும். பண்ணை நிலம் குத்தகைதானே, இன்னும் எத்தனை வருடம் பாக்கி என்று முதலாளியிடம் கேளுங்கள். மூன்று, நான்கு வருடம்தான் என்றால் மறுவிற்பனைக்காகவே ஏஜெண்டிடம் கூடுதல் விலை கொடுக்கலாம்.

ஜோகூர் வண்டியை நான் தொடமாட்டேன். இப்படி வருபவற்றில் பல, ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்றே செய்தவை. மாடல் எண் வேறாக இருக்கும். எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழி. கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் இல்லாமலும் வரும். ஓடிய மணிநேரம் காட்டும் மீட்டரை நம்பி எதுவும் சொல்ல முடியாது. பாதி விலையும் பாதி விலை அல்ல: இங்கே கொண்டுவரும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி, லாரி வாடகை எல்லாம் சேரும்.

யாரிடம் வாங்கினாலும் கடைசி நூறு வெள்ளிக்காக மல்லுக்கட்டாதீர்கள். அந்தப் பேரத்தைப் பொருளாகக் கேளுங்கள்: முதல் 50 மணி நேர எண்ணெய் மாற்று இலவசம், ஒரு செட் ஃபில்டர், ஒரு செட் கத்தி, வண்டி மூன்று நாளுக்கு மேல் பட்டறையில் நின்றால் இரவல் டில்லர். இதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். உங்கள் இரண்டு டில்லரில் தேறக்கூடியதை இரும்புக்கடைக்குப் போடாமல் சரிசெய்து கொட்டகையில் வைத்திருங்கள். மழை பெய்து களிமண் ஊறிக் கிடக்கும் நாளில் டிராக்டரை இறக்கினால் பாத்தி இறுகிவிடும். அன்றைக்கு வேலை செய்ய அந்த டில்லர்தான் இருக்கும்.