சோலினாய்டு கணக்கில் மதிப்பெண் குறைந்தால் பொறியியல் வேண்டாமா?

தொடக்கக் கல்லூரியில் எச்2 (முழு அளவுப் பாட நிலை) இயற்பியல் படிக்கும் மகள் மின்காந்தக் கணக்குகளில் மதிப்பெண் இழக்கிறாள், பொறியியலை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள் அம்மா. திருத்திய தாளை அவளோடு உட்கார்ந்து பாருங்கள். சூத்திரம் மறந்ததாக இருக்காது. நேர்க்கம்பி, வட்டச்சுருள், நீண்ட சோலினாய்டு (குழாய்மேல் நெருக்கமாகச் சுற்றிய கம்பிச்சுருள்) மூன்றுக்கும் காந்தப்புலச் சூத்திரம் ஏ நிலைத் தேர்வுத் தாளிலேயே அச்சாகி வருகிறது.

பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் ‘என்’ எழுத்தில். வட்டச்சுருளில் பெரிய ‘என்’: மொத்தச் சுற்றுகள். சோலினாய்டில் சின்ன ‘என்’: மீட்டருக்கு எத்தனை சுற்று. 25 செ.மீ. குழாயில் 500 சுற்று என்றால் 500 ÷ 0.25 = 2000. அதில் 2 ஆம்பியர் ஓடினால் காந்தப்புலம் 4 × பை × 10⁻⁷ × 2000 × 2, அதாவது சுமார் 5 மில்லி டெஸ்லா (டெஸ்லா காந்தப்புலத்தின் அலகு). 500-ஐ அப்படியே போட்டால் விடை கால்பங்காகிவிடும். 25-ஐ மீட்டராக்க மறந்தால் நூறில் ஒரு பங்கு. தவறான விடையே எங்கே தவறியது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

செய்முறையில் வேறு சிக்கல். இந்தச் சூத்திரம் நீண்ட சுருளின் நடுப்பகுதிக்குத்தான். சுருளின் வாய்ப்பக்கம் ஹால் உணரியை (காந்தப்புலத்தை அளக்கும் கருவி) வைத்தால் ஏறத்தாழ பாதிதான் காட்டும். ஒரே மின்னழுத்தத்தில் விட்டுவைத்தாலும் அளவு மெல்ல இறங்கும், சூடேறிய செம்பின் மின்தடை கூடுவதால்.

இனி அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இதே சுருளில் எம்ஆர்ஐ கருவியின் 1.5 டெஸ்லாவை ஏன் எடுக்க முடியாது? கணக்கிட்டால் சுமார் 600 ஆம்பியர் வரும். 4 செ.மீ. விட்டக் குழாயில் 0.5 மி.மீ. செம்புக்கம்பி ஒரே அடுக்காகச் சுற்றியிருந்தால் மின்தடை 5.4 ஓம், வெப்பம் 1.9 மில்லியன் வாட். கம்பி தாங்காது. அதனால்தான் திரவ ஹீலியத்தில் குளிர்வித்த நியோபியம்-டைட்டானியம் மீக்கடத்தியை (கடுங்குளிரில் மின்தடையே இல்லாத கம்பி) அங்கே சுற்றுகிறார்கள்.

இதைக் கேட்டு அவளே பேனாவை எடுத்தால் என்யுஎஸ், என்டியு பல்கலைக்கழகங்களின் மின்பொறியியல் பட்டியலில் இருக்கட்டும். கருவியைவிட நோயாளிகள் பக்கம் மனம் போனால் சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தின் கதிர்ப்படவியல் பட்டப்படிப்பையும் பாருங்கள். விடையெல்லாம் சரியாகப் போட்டும் சலிப்புதான் மிச்சம் என்றால் அதைத்தான் நான் கவலையோடு கவனிப்பேன், மதிப்பெண்ணை அல்ல. பாடத்தை எச்1-க்கு (எச்2-ஐவிடக் குறைந்த பாட அளவு) இறக்க நினைத்தால், அவள் விரும்பும் படிப்பின் சேர்க்கைத் தகுதியைப் பார்க்காமல் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.