கேள்வி பதில்: எஃகு எப்படிக் கடினமாகிறது?

கேள்வி: உளியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கடினமாகிறது, அதையே மெதுவாக ஆறவிட்டால் மிருதுவாகிவிடுகிறதே, ஏன்?

பதில்: எல்லாம் கார்பன் செய்கிற வேலை. உளி எஃகில் அது 1 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும், ஆனால் ஆட்டிவைப்பது அதுதான். 727 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும்போது இரும்பு அணுக்கள் தங்கள் அடுக்கையே மாற்றிக்கொள்கின்றன, அந்தப் புது அடுக்கில் கார்பன் உட்கார இடம் தாராளம். மெதுவாக ஆறினால் கார்பன் நிதானமாக விலகி, இரும்போடு சேர்ந்து தனித்தனி மெல்லிய தகடுகளாகப் படிந்துவிடும். சட்டென்று தண்ணீரில் முக்கினால்? விலக நேரமில்லை, உள்ளேயே மாட்டிக்கொள்கிறது, அந்த நெரிசலில் அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர முடிவதில்லை. இந்த அமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர், எஃகை நுண்ணோக்கியில் ஆராய்ந்த ஜெர்மானியர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் நினைவாக.

அப்புறம், தண்ணீரில் முக்கியதோடு விட்டுவிடாதீர்கள், ஓங்கி ஒரு தட்டு தட்டினால் கண்ணாடி மாதிரி உடையும். கொஞ்சம் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு மறுபடி லேசாகச் சூடாக்குங்கள்: வைக்கோல் நிறம் ஓடினால் 220, 230 டிகிரி, நீலம் வந்தால் கிட்டத்தட்ட 300. சூடு ஏற ஏறக் கடினம் குறையும். தெர்மாமீட்டரே வேண்டாம், கண் போதும்!

கேள்வி: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்கவே பிடிக்காதா?

பதில்: பிடிக்கும், ஆனால் அவ்வளவு எளிதில் இல்லை. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருப்பதால் மேலே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உண்டாகிறது, கீறினாலும் காற்றுப் பட்டதும் தானே மூடிக்கொள்ளும். உப்புத் தண்ணீரில் ஊறவிட்டால் மட்டும் சில ரகங்களில் குழி விழும்.