நாற்பது பேர் கல்யாணமும் மே மாதமும்

கேள்வி: கோத்தகிரியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. நான் கட்டிக்கொள்ளப் போகிறவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. நாற்பது பேரோடு இங்கேயே எளிமையாகக் கல்யாணத்தை முடித்து, மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்ப நினைக்கிறோம். பெரியவர்களோ, “பள்ளி லீவுதானே, மே மாதம் வைக்கலாம்” என்கிறார்கள். சரிதானா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: உங்களுக்கு லீவு, சரி. மாப்பிள்ளைக்கு? ஏப்ரல் முதல் ஜூன் வரை கொழுந்து வரத்து உச்சத்தில் இருக்கும்; ஃபேக்டரி ராத்திரியும் ஓடும். அப்போது மூன்று நாள் லீவு கேட்டால் மேனேஜரிடம் ஆசீர்வாதம் மட்டும்தான் கிடைக்கும். போதாததற்கு சீசன் கூட்டம். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பே வைத்தார்கள். உங்கள் பெரியப்பா வரும் வேன் 8,001-ஆவதாக நின்றால் தாலி யார் எடுத்துக் கொடுப்பது?

மாசி முதல் வாரம் வையுங்கள். கொழுந்து குறைந்திருக்கும், மழை இராது, பொதுத்தேர்வும் தொடங்கியிராது. விடியற்காலை முகூர்த்தம் வேண்டாம். பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட படம்தான் மிஞ்சும். ஞாயிறு 9 மணிக்கு மேல் பாருங்கள். அன்று ராகுகாலம் மாலை 4.30-க்குத்தான்.

சின்னக் கல்யாணத்தை இங்கே கவிழ்ப்பது பெரும்பாலும் சமையல். கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நம்பி, கீழேயிருந்து வந்த சமையல்காரர் திறந்த அண்டாவில் துவரம்பருப்பைப் போட்டால், பந்தி போடும் நேரத்திலும் பருப்பு முழுசாகவே கிடக்கும். பருப்பும் கொண்டைக்கடலையும் குக்கரில்தான் வேக வேண்டும். அரிசியை அரை மணி ஊறவைத்து, அண்டாவை மூடி மேலே கனம் வைக்கச் சொல்லுங்கள். மலையில் சமைத்துப் பழகிய உள்ளூர் ஆளாக இருந்தால் இதையெல்லாம் நீங்கள் சொல்லவே வேண்டாம். காலைக்கு இட்லியை நம்பாதீர்கள், இந்தக் குளிரில் மாவு நேரத்துக்குப் பொங்காது. வெண்பொங்கலோ ரவா கிச்சடியோ போதும். தயிருக்கு முந்தின நாள் காலையிலேயே வெதுவெதுப்பான பாலில் உறை ஊற்றி, கம்பளி சுற்றி வையுங்கள். அப்பளத்தைக் கடைசியில் பொரியுங்கள். பனி மூட்டத்தில் கால் மணியில் நமுத்துவிடும். குளிரில் சிலிண்டர் அழுத்தம் குறைந்து அடுப்பு மந்தமாக எரியும், ஆகவே ஓட்டல், கடைகளுக்குத் தரும் வணிக சிலிண்டர் இரண்டு கைவசம் இருக்கட்டும்.

அளவு: சமையல்காரர், வேன் டிரைவர், போட்டோக்காரர், நாதஸ்வரக் குழு இவர்களைக் கணக்கில் சேர்த்தீர்களா? நாற்பது என்றால் இலை ஐம்பது. அரிசி 6 கிலோ, துவரம்பருப்பு ஒன்றரைக் கிலோ, தயிர் 5 லிட்டர் தாராளம். இலையில் விழுந்ததும் ஆறிவிடும் ஊர் இது. இருபத்தைந்து பேராக இரண்டு பந்தி போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் பூசிய கப் எதுவும் மாவட்டத்தில் கூடாது. குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் பறிகொடுப்பதற்குப் பதில் எவர்சில்வர் டம்ளர் அறுபது வாடகைக்கு எடுங்கள்.

புரோகிதர் வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. 1967-இல் தமிழ்நாடு இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவுப்படி, உற்றார் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். பதிவு மட்டும் கட்டாயம்: 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டும். அங்கே கல்யாணப் பத்திரிகை கேட்பார்கள். வாட்ஸ்அப் அழைப்பு போதும் என்று இருந்துவிடாமல் இருபத்தைந்து பத்திரிகையாவது அச்சடியுங்கள்.

மறுவீட்டை அன்று மாலையே முடித்துக்கொள்ளுங்கள். திங்கள் ஓய்வு, செவ்வாய் வேலை. அந்த வாரம் அவருக்குப் பகல் ஷிப்ட் கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வைக்கட்டும். விருந்து அழைப்புகளுக்கு மாதம் ஒரு ஞாயிறு என்று சொல்லிவிடுங்கள். வருத்தப்படுகிற அத்தைகள் இரண்டு மாதத்தில் மறந்துவிடுவார்கள். ‘கீழே ஊரில் ஒரு ரிசப்ஷன் மட்டும்’ என்று யாராவது ஆரம்பித்து, அதற்கும் தலையாட்டினீர்களானால், நாற்பது பேர் கணக்கையும் இந்தப் பதிலையும் சேர்த்துக் கிழித்துப் போடலாம்.