வாசகர் கேள்வி: சிங்கப்பூர் உணவங்காடியில் சாப்பிடுவது எப்படி?

கேள்வி: நான்கு நாள் சிங்கப்பூர் போகிறோம். மாமியார் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். ஹாக்கர் சென்டர் என்கிற உணவங்காடிகளில் அவருக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால் "இறைச்சி போடாதீர்கள்" என்று சொன்னால் மட்டும் போதாது. இறைச்சித் துண்டு கண்ணில் படாத பண்டங்களில்தான் சிக்கலே. சிக்கன் ரைஸ் கடையில் வெறும் சோறு வாங்கினாலும், அது கோழிக் கொழுப்பில் அரிசியை வதக்கி, கோழி வெந்த நீரிலேயே வேகவைத்த சோறு. லக்சா என்ற நூடுல்ஸ் குழம்புக்கு அரைக்கும் மசாலாவில் காய்ந்த இறால் இருக்கும். சீன ரோஜாக்கைப் பார்த்தால் பழமும் காயும்தான் தெரியும். அதைக் கறுப்பாகப் புரட்டியிருப்பது இறால் விழுது. சம்பல் என்ற மிளகாய் விழுது போட்டு வதக்கிய கங்கோங் கீரையிலும் பெலாச்சான், அதாவது இறால் விழுதுதான். 'கேரட் கேக்'கில் கேரட்டும் கிடையாது, கேக்கும் கிடையாது! அரிசிமாவும் வெள்ளை முள்ளங்கியும் சேர்த்து அவித்த கட்டியை உதிர்த்து, முட்டை ஊற்றிப் பொரிப்பார்கள்.

'வெஜிடேரியன்' என்று பலகை வைத்த சீனக் கடைகள் பல அங்காடிகளில் உண்டு. அங்கே கோழி, வாத்து போலத் தெரிவதெல்லாம் சோயாவும் கோதுமைப் புரதமும்தான். முட்டை சேர்ப்பார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவும் சந்தேகமாக இருந்தால் லிட்டில் இந்தியா பகுதியில் தேக்கா நிலைய உணவங்காடிக்குப் போங்கள். தமிழிலேயே விசாரித்து வாங்கலாம். இனிப்புக்கு தாவ் ஹுவே நல்லது. சோயாப் பாலை உறையவைத்துச் சர்க்கரைப் பாகு ஊற்றித் தருவது.

கேள்வி: காப்பி கேட்டால் பாயசம் மாதிரி இனிக்கிறதாமே. எப்படிச் சொல்லி வாங்குவது?

பதில்: வெறுமனே 'கோப்பி' என்றால் கெட்டியான இனிப்புப் பால், அதாவது கண்டென்ஸ்டு மில்க் ஊற்றித்தான் வரும். அதனால் "சர்க்கரை வேண்டாம்" என்று மட்டும் சொல்லிப் பயனில்லை, இனிப்பு பாலிலேயே இருக்கிறது. 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. 'கோப்பி சி' என்றால் இனிப்பில்லாத எவாப்பரேட்டட் பாலோடு சர்க்கரை தனியாகச் சேர்ப்பார்கள். 'கோசோங்' என்ற சொல்தான் சர்க்கரையை நிறுத்தும். ஆக, சர்க்கரை நோயாளிகள் கேட்க வேண்டியது 'கோப்பி சி கோசோங்' அல்லது 'கோப்பி ஓ கோசோங்'. இனிப்பு குறைவாகப் போதும் என்றால் 'சியு தாய்', திடமாக வேண்டுமென்றால் 'காவ்', ஐஸ் போட 'பெங்'. தேநீருக்கும் இதே கணக்குதான். கோப்பிக்குப் பதில் 'தே' என்று சொல்லுங்கள்.

கேள்வி: காலி மேசையில் டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் உட்காரலாமா?

பதில்: கூடாது. அது துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான். அங்கே அதற்கு 'சோப்' என்று பெயர். நீங்களும் அப்படியே வைத்துவிட்டு வரிசையில் நிற்கலாம், பர்ஸை மட்டும் வைத்துவிடாதீர்கள். மேசை எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கொண்டுவந்து கொடுக்கும் கடையில் கேட்பார்கள். சாப்பிட்டதும் தட்டு, தம்ளர், டிஷ்யூ எல்லாவற்றையும் நீங்களே எடுத்துப் போய் அடுக்கில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இது சட்டம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும், மாற்றி வைத்துவிடாதீர்கள்.

பணம்: 2, 5, 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தாள்கள் கையில் இருக்கட்டும். வெளிநாட்டு அட்டையை எல்லாக் கடையும் வாங்காது.

கேள்வி: நண்டு சாப்பிட்டவர்கள் பில்லைப் பார்த்து அதிர்ந்ததாகக் கேள்விப்பட்டோம்...

பதில்: விலைப்பட்டியலில் 'சீசன் விலை' என்று இருந்தால் அது எடைக் கணக்கு. சட்டியில் போடும் முன் மூன்றைக் கேளுங்கள்: கிலோ என்ன விலை, இந்த நண்டு எத்தனை கிலோ, மொத்தம் எவ்வளவு? உணவகத்தில் என்றால் விலைக்குப் பக்கத்தில் '++' இருக்கிறதா என்றும் பாருங்கள். 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதற்கும் சேர்த்து 9 சதவீத ஜிஎஸ்டி. 100 வெள்ளி 119.90 ஆகிவிடும். கேட்காமலே வைக்கும் வேர்க்கடலைக்கும் ஈரத் துண்டுக்கும் காசு போடுவது உண்டு. வேண்டாமென்றால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: எந்த நேரத்துக்குப் போகலாம்?

பதில்: மேக்ஸ்வெல், அமோய் ஸ்திரீட் போன்ற அங்காடிகள் அலுவலகப் பகுதியில் இருப்பவை, பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை இடம் கிடைப்பது கஷ்டம். பதினொன்றுக்கே போய்விடுங்கள். மூன்று மணிக்குப் போனால் நல்ல கடைகள் பலவும் சரக்குத் தீர்ந்து மூடியிருக்கும். துப்புரவுப் பணிக்காக முழு அங்காடியையும் மூடும் நாட்களும் உண்டு. தேசிய சுற்றுப்புற வாரியத்தின் இணையதளத்தில் தேதிகள் இருக்கும். ஆளுக்கொரு பெரிய தட்டு வாங்காமல், வேறு வேறு கடையில் சின்ன அளவாக வாங்கிப் பகிர்ந்தால் நான்கு பேருக்கு ஐந்தாறு ருசி பார்க்கலாம். மீந்ததைப் பொட்டலம் கட்டிக்கொள்ளலாம், ஆனால் எம்ஆர்டி ரயிலில் பிரிக்காதீர்கள்: 500 வெள்ளி வரை அபராதம். டுரியான் பழத்தை ரயிலில் ஏற்றவே கூடாது.