மைக்ரோபயாலஜி பட்டதாரி மறுபடி மைக்ரோபயாலஜி படிக்க வேண்டுமா?

கேள்வி: திருச்சியில் 2013-ல் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்தேன். இப்போது ஹெச்-4 விசாவில், அதாவது கணவரின் ஹெச்-1பி வேலை விசாவைச் சார்ந்த விசாவில், அமெரிக்காவின் டாலஸில் இருக்கிறேன். சின்னவளும் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டதால் பல் சுத்தம் செய்யும் டென்டல் ஹைஜீன் படிப்பைப் படிக்க ஆசைப்படுகிறேன். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் விசாரித்தால், அனாடமி, கெமிஸ்ட்ரியோடு மைக்ரோபயாலஜியையும் திரும்பப் படிக்கச் சொல்கிறார்கள். ஒரு கன்சல்டன்ட், 3,000 டாலர் கொடுத்தால் என் டிகிரியை 'கன்வர்ட்' செய்து எட்டே மாதத்தில் ஹைஜீனிஸ்ட் ஆக்கிவிடுவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள்.

முதலில் உங்கள் மனக்குறைக்கு வருகிறேன். உங்கள் படிப்பு மட்டம் என்று யாரும் சொல்லவில்லை. இங்குள்ள பெரும்பாலான ஹைஜீன் பள்ளிகளில் அறிவியல் பாடங்களுக்குக் காலக்கெடு உண்டு. 5 ஆண்டு என்பார்கள், சில இடங்களில் 7. 2013-ல் முடித்த பாடம் எந்தக் கணக்கிலும் தேறாது. டாலஸிலேயே பிறந்து டாலஸிலேயே அந்த ஆண்டு படித்தவருக்கும் இதே கதிதான். கல்ச்சர் பிளேட்டும் கிராம் ஸ்டெயினும் கைப்பழக்கமாகிவிட்ட ஒருத்தியை மறுபடி முதல் நாள் வகுப்பில் உட்கார வைப்பது எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஒரு தேர்வு வைத்துப் பார்த்துவிட்டு விலக்குக் கொடுத்தால் என்ன குடிமுழுகிப் போகும்? ஆனால் விதி மாறும்வரை காத்திருந்தால் உங்கள் வயதுதான் போகும். படித்துவிடுங்கள். தெரிந்த பாடத்தில் ஏ வாங்குவது சுலபம். ஹைஜீன் சேர்க்கையோ புள்ளிக்கணக்கில்தான் நடக்கிறது. பல இடங்களில் ஆண்டுக்கு ஒரே ஒரு பேட்ச்தான். ஏ-வுக்கும் பி-க்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு வருஷம் நழுவிவிடும்.

பாடம் எடுக்கும்போது எண்ணைப் பாருங்கள், பெயரைப் பார்க்காதீர்கள். டெக்சாஸ் பொதுக் கல்லூரிகளுக்கெல்லாம் பொதுவான பாட எண்கள் இருக்கின்றன. அனாடமி-பிசியாலஜி என்றால் பயாலஜி 2401, 2402. மைக்ரோபயாலஜி 2420 அல்லது 2421. இரண்டாவது இலக்கம் கிரெடிட் எண்ணிக்கையைச் சொல்கிறது. 4 என்றால் லேபும் சேர்ந்தது. 2301 என்று இருந்தால் அது வெறும் வகுப்பு, லேபை 2101 என்று தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இதைக் கவனிக்காமல் லேப் இல்லாத பாடத்தை முடித்துவிட்டு, விண்ணப்பிக்கும்போது விழித்தவர்கள் உண்டு. மைக்ரோபயாலஜியில் எந்த எண் வேண்டும் என்பதை ஹைஜீன் துறையின் தகவல் ஏட்டில் பாருங்கள், அல்லது அந்தத் துறையிலேயே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கல்லூரியின் பொது அட்வைசர் வாய்வார்த்தையாகச் சொன்னதை வைத்துப் பணம் கட்டாதீர்கள். ஆன்லைன் லேபை ஏற்பார்களா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். அனாடமியை ஐந்து வார சம்மர் வகுப்பில் முடித்துவிடலாம் என்ற ஆசை வேண்டாம். வீட்டில் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு அது முடியாத காரியம்.

திருச்சி டிகிரி முற்றிலும் வீண் என்றும் நினைக்காதீர்கள். இளங்கலைப் பட்டம் இருந்தால் கூடுதல் புள்ளி தரும் பள்ளிகள் உண்டு. அதற்கு மதிப்பீடு செய்வதானால், பாடவாரியான மதிப்பீட்டையே கேளுங்கள். விலை குறைந்த மற்றொன்று, பட்டம் உண்டு என்று மட்டும் சொல்லும், சேர்க்கைக்கு உதவாது. எந்த நிறுவனத்தின் மதிப்பீட்டை ஏற்பார்கள் என்று பள்ளியில் கேட்ட பிறகுதான் பணம் கட்ட வேண்டும். ஊரிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் முத்திரையிட்ட உறையில் வந்து சேர எத்தனை மாதம் ஆகும் என்பது யாருக்கும் தெரியாது. இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

இனி அந்த எட்டு மாதக் கதை. ஹைஜீன் படிப்பு, முன்தேவைப் பாடங்களுக்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டு. முடித்ததும் 350 கேள்விகள் கொண்ட தேசிய வாரியத் தேர்வு, அதன்பின் செய்முறைத் திறன் தேர்வு, அதற்கப்புறம்தான் மாநில லைசென்ஸ். படித்த பள்ளி, கோடா எனப்படும் பல் மருத்துவக் கல்வி அங்கீகார ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். டெக்சாஸ் இதில் விட்டுக்கொடுக்காது. ஆணையத்தின் இணையதளத்தில் மாநிலவாரியாகப் பட்டியலே இருக்கிறது. உங்கள் ஏஜென்ட் சொல்லும் பள்ளி அதில் இல்லையென்றால் பேச்சு முடிந்தது. சில மாதங்களில் முடிகிற படிப்பு டென்டல் அசிஸ்டன்ட் படிப்பு. அதுவும் மரியாதையான வேலைதான். ஆனால் அசிஸ்டன்ட் ஸ்கேலிங், அதாவது பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கும் வேலையைச் செய்ய முடியாது, சம்பளமும் வேறு. அதை ஹைஜீன் என்று சொல்லி விற்பது மோசடி.

இந்த ஏஜென்டுகள் எல்லாரும் 'புளோரிடாவில் நேரடியாகவே லைசென்ஸ் தருகிறார்களே' என்று ஒரு உதாரணத்தை எடுத்து வீசுவார்கள். அது உண்மை, ஆனால் உங்களுக்கில்லை. வெளிநாட்டில் பல் மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர், அதாவது நம் ஊர் பி.டி.எஸ். டாக்டர், புளோரிடாவில் ஹைஜீன் பள்ளிக்குப் போகாமலே லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். அவரும் சான்றுகளை மதிப்பிட்டுக் காட்டி, வாரியத் தேர்வும் திறன் தேர்வும் தேற வேண்டும். கிடைப்பது புளோரிடா லைசென்ஸ். அதைக் கையில் பிடித்துக்கொண்டு டாலஸில் வந்து நின்றால், அங்கீகாரம் பெற்ற ஹைஜீன் பள்ளியில் படித்தாயா என்றுதான் கேட்பார்கள். பி.எஸ்சி.யோ எம்.எஸ்சி.யோ பார்மசியோ நர்ஸிங்கோ படித்தவருக்கு இந்த வாசல் கிடையாது. சொந்தத்தில் யாரோ பி.டி.எஸ். என்பதற்காக உங்களுக்கும் திறக்காது. இதைத் தெரிந்தேதான் அவர்கள் மறைக்கிறார்கள்.

ஏஜென்ட் வாயே திறக்காத இன்னொன்று, விசா. ஹெச்-4-இல் படிக்கலாம், தடையில்லை. இஏடி எனப்படும் வேலை அனுமதி அட்டை இல்லாமல் வேலை பார்க்க முடியாது. லைசென்ஸ் கையில் இருந்தாலும் முடியாது. இரண்டாண்டுப் பட்டத்திலேயே செய்யக்கூடிய வேலை என்பதால் ஹைஜீனிஸ்டுக்கு ஹெச்-1பி எதிர்பார்க்க முடியாது. ஆகவே இஏடி கிடைக்குமா என்பதற்கு, உங்கள் கணவரின் கிரீன் கார்டு ஐ-140 எனப்படும் நிறுவன மனு ஏற்கப்படும் கட்டத்தைத் தாண்டிவிட்டதா என்று பார்த்து, இமிகிரேஷன் வக்கீலிடம் ஒரு தடவை பேசிவிட்டுக் கட்டணத்தில் கை வையுங்கள். 'ஷேடோயிங்' என்ற பெயரில் சில கிளினிக்குகள் பெண்களைச் சம்பளமில்லாமல் வேலை வாங்குகின்றன. ஓரமாக நின்று பார்ப்பது மட்டும்தான் ஷேடோயிங். சக்ஷன் குழாயைக் கையில் கொடுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

கடைசியாக, ஹைஜீன் பள்ளியில் சேரக் கேட்கும் தடுப்பூசி. வழக்கமான ஹெபடைட்டிஸ்-பி மூன்று ஊசிகள் முடிய ஆறு மாதம் ஆகும், எனவே இப்போதே தொடங்குங்கள். காசநோய்ச் சோதனைக்குத் தோலில் ஊசி போட வந்தால், சின்ன வயதில் பி.சி.ஜி. போட்டிருக்கிறேன், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று கேளுங்கள். பி.சி.ஜி. போட்டவர்களுக்குத் தோல் சோதனை நோயில்லாமலே பாசிட்டிவ் காட்டக்கூடும். பிறகு எக்ஸ்ரே, கடிதம் என்று அலைய வேண்டியிருக்கும்.