மேல் வரியை மடித்துவிட்டுப் பாருங்கள்

அன்புள்ள சார்,

எம்பிபிஎஸ் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு தாலுகா மருத்துவமனையில் கேஷுவாலிட்டி பார்க்கிறேன். இரவில் நான் ஒருத்திதான் டாக்டர். விபத்து, பாம்புக்கடி, விஷம் என்று எது வந்தாலும் பயமில்லை. நெஞ்சு வலி என்று வந்து ஈசிஜி தாள் கைக்கு வந்தால் மட்டும் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது.

போன வாரம் இரவு 1.30 மணிக்கு 48 வயதுக்காரர் ஒருவர் வந்தார். மேல்வயிற்றில் எரிச்சல், இரண்டு தடவை வாந்தி, சட்டை நனைந்த வியர்வை. பிபி 100/60. மெஷின் ‘நான்-ஸ்பெசிஃபிக் டி வேவ் அப்நார்மாலிட்டி’ (டி அலையில் இன்னதென்று குறிப்பாகச் சொல்ல முடியாத மாற்றம்) என்று அச்சடித்திருந்தது. எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 40 நிமிடம் கழித்து ஒரு சீனியர், ‘இன்ஃபீரியர் எம்ஐ, உடனே லைஸ் பண்ணு’ என்றார். இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டோம். ஆள் பிழைத்துவிட்டார். அந்த 40 நிமிடம்தான் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஈசிஜி படிக்க நல்ல கோர்ஸ் ஏதாவது சொல்லுங்கள். இல்லை, படத்தைப் போட்டால் பதில் சொல்லும் செயலிகள் வந்துவிட்ட பிறகும் இதைப் படித்துத்தான் ஆகவேண்டுமா? அந்தத் தாளின் படத்தை இணைத்திருக்கிறேன். பெயர், ஊர் வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள டாக்டர்,

தாளைப் பார்த்தேன். ஏதோ சரியில்லை என்று உங்களுக்குப் பட்டதே, அது சரியாகத்தான் பட்டிருக்கிறது. அந்த ‘ஏதோ’ எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

படத்தை மறுபடி திறந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு லீடும் இதயத்தை ஒரு கோணத்திலிருந்து பார்க்கும் பதிவு. மூன்றாவது லீடில், க்யூஆர்எஸ் என்ற கூரான அலை முடிந்து எஸ்டி என்ற பகுதி தொடங்கும் இடத்தில் கோடு அரைச் சின்னக் கட்டம் ஏறியிருக்கிறது. ஏவிஎஃப் லீடிலும் அப்படியே. இதைப் போய் பெரிதாக எடுத்துக்கொள்வதா என்று தோன்றும் அளவுதான். இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும் ஏவிஎல் லீடுக்கு வாருங்கள். அங்கே எஸ்டி கீழே இறங்கித் தொங்குகிறது, அதற்கு அடுத்து வரும் டி அலை தலைகீழாகக் கிடக்கிறது. மூன்றாம் லீடைக் கவிழ்த்து வைத்தது மாதிரி இருக்கிறதா? இதயத்தின் கீழ்ச்சுவரில் அடைப்பு வரும்போது பல நேரம் இரண்டு, மூன்று, ஏவிஎஃப் நன்றாக ஏறுவதற்கு முன்னாலேயே ஏவிஎல் இறங்கிவிடும். மெஷினும் அந்த டி அலையைப் பார்த்திருக்கிறது. வியர்த்துக் கொட்டும் மனிதரையும் மூன்றாம் லீடையும் அதனோடு சேர்த்துப் பார்க்க அதற்குத் தெரியவில்லை. உங்களால் முடியும்.

வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். 2020இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் 78 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. தேர்வாக வைத்துப் பார்த்ததில், மருத்துவ மாணவர்கள் 42 சதவீதம் சரியாகப் படித்தார்கள். பயிற்சி மருத்துவர்கள் 56, அனுபவமுள்ள மருத்துவர்கள் 68 சொச்சம், இதய நிபுணர்களே 75. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் பயிற்சிக்கு முன் 54, பயிற்சிக்குப் பின் 67. அந்தக் கடைசி எண்ணைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சொல்லிக்கொடுத்த பிறகும் மூன்றில் ஒன்று தவறுகிறது. அதனால்தான் ‘நல்ல கோர்ஸ் சொல்லுங்கள்’ என்ற கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

நமக்கு இது சொல்லிக்கொடுக்கப்பட்ட விதத்தை நினைத்துப் பாருங்கள். இன்று எல்பிபிபி (இதயத்தின் இடது மின்பாதைத் தடை) என்றால் அன்று காட்டும் பத்துத் தாளும் எல்பிபிபி. வகுப்பில் எல்லாருக்கும் புரிந்துவிடும். கேஷுவாலிட்டிக்கு வருகிறவர் தலைப்பு எழுதி ஒட்டிக்கொண்டு வருவதில்லையே. 2003இல் கனடாவில் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒவ்வொரு நோயாகத் தனித்தனியே பழகியவர்களைவிட, எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுப் பழகியவர்கள் புதிய தாளை நன்றாகப் படித்தார்கள். எந்தக் கோர்ஸில் சேர்ந்தாலும் சேருங்கள். தாள்களை மட்டும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துவிட்டுப் பாருங்கள். அடைப்பு இருப்பதையும், இல்லாமலே எஸ்டி ஏறியிருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்றை நான் தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

டியூட்டி டாக்டராக எனக்கு அது மூன்றாவது வருடம். லாரி டிரைவர் ஒருவர், 50ஐத் தாண்டியவர். காலையில் டயர் மாற்றும்போது நெஞ்சை அடைத்திருக்கிறது. பத்து நிமிடத்தில் தானாக விட்டுவிட்டது. என் முன்னால் உட்கார்ந்திருந்தபோது வலியே இல்லை. மனைவி வற்புறுத்தியதால் வந்திருந்தார். ஈசிஜி எடுத்தேன். மேலே ‘நார்மல் சைனஸ் ரிதம்’ என்று இருந்தது. நெஞ்சில் வைத்து எடுக்கும் வி2, வி3 லீடுகள் இரண்டிலும் டி அலை மேலே ஏறி, முடிகிற இடத்தில் சட்டென்று கோட்டுக்குக் கீழே சறுக்கியிருந்தது. அந்தச் சறுக்கலை நான் பார்த்தேன். பார்த்த ஞாபகம் இன்றும் இருக்கிறது. நார்மல் என்று அச்சாகியிருந்ததால் மேற்கொண்டு யோசிக்கவில்லை. வாயு என்று ஊசி போட்டு அனுப்பினேன்.

நான்காம் நாள் இதயத்தின் முன்சுவர் முழுக்கப் பாதிக்கும் மாரடைப்போடு வந்தார். உயிர் தப்பியது. இதயத்தின் பம்பிங் பாதியாகிவிட்டது, லாரியில் ஏற முடியாமல் போனது. அவர் மனைவி என்னைத் திட்டவில்லை. “அன்னைக்கே பாத்தீங்களே சார்” என்று மட்டும் கேட்டார்.

நெதர்லாந்தைச் சேர்ந்த இதய மருத்துவர் வெல்லன்ஸும் அவரோடு இருந்தவர்களும் 1982இலேயே எழுதிவைத்த அடையாளம்தான் அந்த டி அலைச் சறுக்கல். முன்பக்க ரத்தக்குழாய் ஏறக்குறைய அடைத்து, கொஞ்சம் திறந்துகொண்டிருக்கும்போது, அதுவும் வலி நின்ற பிறகு எடுத்த தாளில்தான் அது தெரியும். புத்தகத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன்.

அன்றிலிருந்து தாள் கைக்கு வந்ததும் மெஷின் எழுதிய மேல் வரியைப் பின்னால் மடித்துவிடுவேன். முதலில் என் கண், அப்புறம் மெஷின். இதுவும் என் பழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களை வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், மெஷினின் வரி தவறாக இருந்த தாள்களில், அதைப் பார்த்துவிட்டுப் படித்தவர்கள் பார்க்காமல் படித்தவர்களைவிட அதிகம் தவறினார்கள். செயலி பற்றிய உங்கள் கேள்விக்கும் எனக்கு இதுதான் பதில். நல்ல செயலிகள் இருக்கின்றன, பயன்படுத்துங்கள். உங்கள் முடிவை எழுதிய பிறகு பயன்படுத்துங்கள்.

எழுதிய பிறகு என்று சொல்வதைச் சும்மா சொல்லவில்லை. ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் ஒரே வரி: என்ன பார்த்தேன், என்ன என்று நினைக்கிறேன். மறுநாள் நீங்கள் அனுப்பிய மருத்துவமனைக்குப் போன் செய்து ஆஞ்சியோவில் எந்த ரத்தக்குழாய் அடைத்திருந்தது என்று கேட்டு, அதே வரிக்குக் கீழே எழுதுங்கள். லாரி டிரைவர் என்னிடமே திரும்பி வந்ததால்தான் நான் தவறியது எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் அனுப்பிவைத்தவர்களில் எத்தனை பேர் வேறு ஊர் மருத்துவமனையில் போய்ச் சேர்ந்தார்களோ! கேஷுவாலிட்டி டாக்டருக்கு விடைத்தாள் திரும்பி வருவதே இல்லை. பத்து வருடம் வேலை பார்த்தும் கண் பழகாமல் போவது இதனால்தான். இதை டாக்டர்களின் சோம்பல் என்று தள்ளிவிடுவதை என்னால் ஏற்க முடியாது. ஆஞ்சியோ செய்யும் கேத்லேப் உள்ள ஒவ்வொரு மருத்துவமனையும், அனுப்பிவைத்த டாக்டருக்கு இரண்டு வரி எழுதி அனுப்புவதை வழக்கமாக்க வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் ஆகாது.

குழுவில் கேட்டதற்காக வருந்தாதீர்கள். கேட்பது நல்லது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. சின்ன மருத்துவமனைகளை கேத்லேப் உள்ள பெரிய மையங்களோடு இணைத்து, ஈசிஜியை அங்கே அனுப்பிச் சிகிச்சையை ஒருங்கிணைத்த டிஎன்-ஸ்டெமி ஆய்வு 2017இல் வெளியானது. 2,420 மாரடைப்பு நோயாளிகள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். ஆனால் படத்தை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். ‘மூன்றில் லேசாக ஏறியிருக்கிறது, ஏவிஎல் இறங்கியிருக்கிறது, இன்ஃபீரியர் என்று நினைக்கிறேன்’ என்று எழுதிப் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் பதில் இல்லையென்றால் போன் அடியுங்கள். இரவு 1.30 என்று பார்க்காதீர்கள். நெஞ்சு வலிக்காரருக்கு வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து, படித்தும் முடித்திருக்க வேண்டும் என்கின்றன வழிகாட்டுதல்கள்.

இன்னொன்று. அந்த 40 நிமிடத்தில் இரண்டாவது ஈசிஜி எடுக்கவில்லை போலிருக்கிறது. 15 நிமிடம் கழித்து ஒன்று, மறுபடி 15 நிமிடத்தில் ஒன்று எடுத்திருந்தால் அநேகமாக மூன்றாம் லீடே உங்களுக்குச் சொல்லியிருக்கும். நெஞ்சில் வைத்த ஈசிஜி கப்புகளைக் கழற்றாமல் அப்படியே விட்டுவையுங்கள். இடம் மாறினால் தாளும் மாறும். நம் ஊரில் வி1, வி2 கப்புகளை நான்காவது விலா இடுக்கில் வைக்காமல் கழுத்துப் பக்கமாக ஏற்றி வைப்பதை அடிக்கடி பார்க்கிறேன். இல்லாத கோளாறெல்லாம் அதனால் தெரியும். முதல் லீடில் எல்லாமே தலைகீழாக இருந்து, ஏவிஆர் லீடு நிமிர்ந்து நின்றால், நோயைத் தேடும் முன் சிவப்புக் கிளிப் வலது கையிலும் மஞ்சள் இடது கையிலும்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் நோயாளியின் பிபி 100/60. மூன்றாம் லீடு இரண்டாம் லீடைவிட அதிகமாக ஏறியிருக்கிறது. அப்படி வரும்போது இதயத்தின் வலது அறையும் பாதிக்கப்பட்டிருக்கலாம். வி4 கப்பை எடுத்து வலது மார்பில் அதே உயரத்தில் வைத்து இன்னொரு தாள் ஓட்டுங்கள், ஒரு நிமிட வேலை. அங்கேயும் எஸ்டி ஏறியிருந்தால் நாக்குக்கடியில் நைட்ரேட் (ரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரை) வைக்காதீர்கள், பிபி படுத்துவிடும். அன்று நைட்ரேட் கொடுத்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதுங்கள். ஆஞ்சியோவில் எந்தக் குழாய் என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள், நானும் என் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.